மல்லாந்த கை

ஜனவரி 8

கர்த்தருக்குள் என் செல்ல வாலுவுக்கு உன் பாட்டி எழுதுவது.

ஆண்டவர் தயவில் எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. உன் சித்தியும் சித்தப்பாவும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மெலிந்துவிட்டாயா, உள்ளதை உள்ளபடி எழுது. போனில் நீ பேசுவது என் காதுக்குப் பாதிதான் எட்டுகிறது. கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நல்ல செய்திகள். உன் பெரியண்ணன் வங்கியில் மேலாளர் ஆகிவிட்டான். தனி அறை, கதவில் அவன் பெயர் போட்ட பலகை. உன் சித்தி மகள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்து மெடல் வாங்கினாள். மெடலை ஒரு வாரம் என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். "பாட்டி, அது எனக்குக் குடுத்தது" என்று வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அவள் தம்பி நீச்சலில் கோப்பை ஜெயித்தான். அதில் உன் சித்தப்பா சாவிக்கொத்துகளைப் போட்டு வைத்திருக்கிறார். நீயோ பெரிய நகரத்தில் பெரிய ஹோட்டலில் வேலை பார்க்கிறாய், அங்கே சபையில் கீபோர்டும் வாசிக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்று இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பாடகர் குழுத் தலைவரின் மனைவிக்கு முகமே சரியில்லை. "போதும் பாட்டி, எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்காங்க" என்றாள். "இல்லைன்னு நான் சொன்னேனா?" என்றேன்.

ஒரு காரியம். என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கும் உன் கை கிழியப்போகிறது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரைந்த கை அது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் புதுக் கை வரைந்து தந்துவிட்டார்கள். தினமும் காலையில் உங்கள் ஒவ்வொருவர் வலது கைப் படத்தின் மேலும் என் கையை வைத்துத்தானே ஜெபிக்கிறேன்? உன் தாளில் அந்தக் கோணல் சுண்டுவிரல் இருக்கும் இடம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. கதவில் நசுங்கிய விரல் ஆயிற்றே என்று அங்கே கொஞ்சம் அதிகமாக அழுத்திவிடுகிறேன் போலிருக்கிறது. ஒரு நல்ல தாளில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு.

உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கும்
பாட்டி

பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டிக்கு வாலு எழுதுவது.

நான் நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை அதிகம். பேனாவும் சரியில்லை. என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது வரைக்கும் படிச்ச நானே இதைவிட நல்லா எழுதுவேன்" என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கும் மெடலுக்கும் கோப்பைக்கும் என் வாழ்த்து. கையை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு

மார்ச் 2

அன்புள்ள சித்திக்கு,

வீட்டு விலாசத்துக்கு எழுதினால் பாட்டி பிரித்துவிடுவார்கள் என்று உங்கள் தையல் கடைக்கு எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

என் வேலை ஹோட்டலில் என்று பாட்டி ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கூடத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். துவைத்த ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுப்பது என் வேலை. இந்தப் பக்கம் ஈரமாகப் போகும், அந்தப் பக்கம் இஸ்திரியாகி வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். விரிப்பு கொஞ்சம் மடங்கினாலும் அது நின்றுவிடுகிறது, வேலை கெடுகிறது என்று மேற்பார்வையாளர் அதைத் தூக்கித் துணிக்கிழிசலால் கட்டிவைத்திருந்தார். எல்லாரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ஒருநாள் காலையில் ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டது. நீவி விடப் போனேன். சித்தி, என் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இப்போது இல்லை.

மற்ற மூன்றும் வேலை செய்கின்றன. இந்தக் கடிதமே அவை எழுதியதுதான். வலி குறைந்துவிட்டது. ஹோட்டல்காரர்களே மருத்துவம் பார்த்தார்கள். என்னைத் துணி எண்ணும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் சமாளித்துவிடுவேன்.

சமாளிக்க முடியாதது வேறு. அன்றைக்கும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். தினமும் அப்படித்தான், பாட்டி சொல்லிக்கொடுத்த மாதிரி, "என் கையின் வேலையைக் காத்துக்கொள்ளும்" என்று. ஜெபிக்க மறந்த நாளாக இருந்தால்கூடப் பழியை என்மேல் போட்டுக்கொண்டு ஆண்டவரை விட்டிருப்பேன். இப்போது என்னால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீபோர்டை உறை போட்டு மூடிவிட்டார்கள்.

பாட்டிக்குச் சொல்லாதீர்கள். எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு நானே சொல்கிறேன்.

உங்கள் மகள் மாதிரியான
வாலு

மார்ச் 14

என் கண்ணே வாலு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தது தப்பு. தைத்துக்கொண்டிருந்த கவுனின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தலையை எங்க விடறது?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதேன். அவள் பயந்துபோய், "பரவால்ல, பரவால்ல, நாளைக்கு வரேன்" என்று ஓடிவிட்டாள்.

நான் உடனே கிளம்பி வரட்டுமா? வந்தால் பாட்டிக்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும்.

இங்கே பாட்டி படுத்தும் பாடு தாங்கவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே, "என் பேத்தி கை வந்துச்சா?" என்று கத்துகிறார்கள். பாவம், வேலைக்குப் புதிதாக வந்தவர். சைக்கிளை விட்டு இறங்கி என்னிடம் வந்து, "அந்த அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ரகசியமாக விசாரித்தார். நேற்று பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார்கள். "இந்த மாசத்துக்குள்ள கை வரலைன்னா நானே போறேன். அவளை உக்கார வச்சு நானே வரைஞ்சு எடுத்துட்டு வரேன்" என்கிறார்கள். செய்வார்கள்.

இந்தக் கை வரையும் வழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியுமா? உன் அம்மா தூரத்து ஆஸ்பத்திரியில் இறந்தபோது பாட்டி போய்ச் சேர முடியவில்லை. ரயிலில் இருந்தார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, உன் பிஞ்சுக் கையைப் பலகையில் அமுக்கி வைத்து வரைந்தார்கள். நீ வீல் என்று கத்தினாய். அதனால்தான் சொல்கிறேன், பாட்டிக்கு அது வெறும் தாள் இல்லை.

சொல்லிவிடு, கண்ணே. தள்ளிப் போடாதே.

கண்ணீரோடு
சித்தி

மார்ச் 25

அன்புள்ள சித்திக்கு,

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுங்கள். கை அனுப்பிவிட்டேன்.

இடது கை. தாள்மேல் இடது கையை மல்லாத்தி வைத்துச் சுற்றி வரைந்தால் பார்ப்பதற்கு வலது கை மாதிரியே இருக்கிறது. விரல்கள் மடங்கிக்கொண்டே இருந்தன. துணி மடிக்கும் அக்கா ஒருத்தி என் அறையில்தான் இருக்கிறாள். அவள் நுனிகளைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குடி இது?" என்று கேட்டாள். "எங்க பாட்டி இதுமேல கை வச்சு ஜெபம் பண்ணுவாங்க" என்றேன். "அப்போ ஜெபம் தப்பான கைக்கில்ல போகும்?" என்றாள்.

அவள் கோயிலுக்கோ சபைக்கோ போகிறவள் இல்லை. இருந்தாலும் அது குத்திக்கொண்டே இருக்கிறது.

திட்டாதீர்கள். எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும், அவ்வளவுதான்.

வாலு

ஏப்ரல் 9

கர்த்தருக்குள் என் செல்ல வாலுவுக்கு, உன் பாட்டி ஆனந்தக் கண்ணீரோடு எழுதுவது.

ஆண்டவர் தயவில் எல்லாரும் சுகம். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. ஏன் என்று கேள்.

உன் கை வந்தது. தபால்காரர் வாசலில் நிற்கும்போதே பிரித்தேன். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உன் சுண்டுவிரல் நேராக இருக்கிறது! கதவில் நசுங்கி வெளியே வளைந்துபோன விரல், மூன்று டாக்டர்கள் பார்த்து இனி நிமிராது என்று கைவிட்ட விரல், பென்சில் மாதிரி நிற்கிறது! எத்தனை வருஷம் அந்த விரல்மேல் கையை அழுத்தி வைத்திருப்பேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே, கள்ளி! பாட்டியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லிவிட்டேன். இரண்டு தாளையும் தூக்கிக் காட்டினேன். சபை முழுக்கக் கை தட்டியது. போதகர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாடகர் குழுத் தலைவரின் மனைவிகூட வந்து என் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவங்க பாட்டி நீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து!

இன்னும் கேள். பேக்கரிக்காரர் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதே, அதற்கு ஒரு பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. மாவுக்கட்டுப் போட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அவள் அழுதுகொண்டே வந்தாள். "பாட்டி, அந்தத் தாளை எனக்குக் குடுங்க. பாப்பா காலுக்கு அடியில வச்சு ஜெபம் பண்றேன். பிஞ்சுக் காலுக்குக் கட்டெல்லாம் வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். உன் கை இப்போது அந்தக் குழந்தையின் தொட்டிலில் இருக்கிறது.

அவர் தந்ததை மறைத்து வைக்காதே. அங்கே உன் சபையிலும் சாட்சி சொல்லு.

பெருமை தாங்காத
பாட்டி

ஏப்ரல் 15

பாட்டி,

நலம் விசாரிக்க இப்போது முடியவில்லை. இதைப் படித்து முடித்ததும் முதலில் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போங்கள். கட்டுப் போடச் சொல்லுங்கள். எனக்குக் கட்டு மாற்றும் நர்சிடம் கேட்டேன். பாதம் பிஞ்சாக இருக்கும்போதே போட்டால்தான் திரும்புமாம், தள்ளிப் போடவே கூடாதாம். சித்தி மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். அந்தத் தாய் உங்கள் வாயைத்தான் நம்புவாள். உங்களுக்கு நான் சொல்லாமல் நீங்கள் எப்படி அவளுக்குச் சொல்வீர்கள்?

அது என் வலது கை இல்லை. இடது கையை மல்லாத்தி வைத்து வரைந்தேன். என் சுண்டுவிரல் நிமிரவில்லை. ஜனவரியில் சலவைக் கூடத்து மெஷினில் போய்விட்டது. மோதிர விரலும் போய்விட்டது.

வரையும்போது அந்த விரலின் கோணலை நான் மறந்தே போனேன். ஐந்து விரல் இருந்தால் போதும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஏமாற்றத்தான் வரைந்தேன், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான். சபையில் எழுந்து நிற்பீர்கள் என்று தெரிந்திருந்தால் கையை வரையாமல் பேருந்து ஏறி வந்திருப்பேன்.

நீங்கள் ஆண்டவரைப் பற்றிச் சாட்சி சொன்ன இடத்தைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. எடுத்துக்கொண்டவருக்கு, கொடுத்தவர் என்று பெயரா என்று தோன்றியது. பிறகுதான் குழந்தையைப் பற்றிய இடம் வந்தது. அதற்குப் பிறகு கோபம்கூட இல்லை. வெறும் பயம்.

நான் ஜெபித்தே பல நாளாகிறது, பாட்டி. அதையும் மறைத்தேன்.

என்ன திட்டினாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாலு

மே 6

அன்பு வாலுவுக்குச் சித்தி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். பாட்டி சாப்பிடுகிறார்கள், நடமாடுகிறார்கள். நலம் என்று எழுத மனம் வரவில்லை.

உன் விரைவுத் தபால் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். வாசலில் நின்றபடியே படித்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நல்ல வெயிலில், குடைகூட இல்லாமல் பேக்கரிக்காரர் வீட்டுக்கு நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டிலிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு, "இது பொய்த் தாள்மா. நாளைக்கே பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நானும் வரேன்" என்றார்கள். அந்தப் பெண் நம்பவில்லை. "விசுவாசம் இருந்தா நடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். மறுநாள் விடிந்ததும் பாட்டி போய் அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்டாகிவிட்டது. அந்தக் கவலையை விடு.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தது. எழுந்து நின்றார்கள். "போன தடவை நான் சொன்னது நடக்கல. என் பேத்தி விரல் நேராகல. அந்த விரலே இப்போ அவளுக்கு இல்ல" என்றார்கள். பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். போதகர், "உக்காருங்க பாட்டி, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். "அப்புறம் பேச என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார்கள்.

அன்றிலிருந்து சபைக்கு வருவதில்லை. எல்லார் கைகளையும் வேதப்புத்தகத்திலிருந்து எடுத்து ஒரு துணியில் சுற்றி அலமாரிமேல் போட்டுவிட்டார்கள். சாப்பிடும்முன் ஜெபம் கிடையாது. உன் சித்தப்பா பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் காத்திருந்தார். "சாப்பாடு ஆறுது மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்கள்.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். "அவ மேல எனக்கென்ன கோபம்?" என்றார்கள். அந்த 'அவ'வில் ஒரு அழுத்தம் இருந்தது.

நீ எழுது. என் பேச்சு எடுபடவில்லை.

சித்தி

ஜூன் 3

அன்புள்ள பாட்டிக்கு வாலு எழுதுவது.

நான் நலம். கட்டெல்லாம் பிரித்தாகிவிட்டது. தோல் மட்டும் புதிதாக, சிவப்பாக இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சித்தி எழுதினார்கள். அதனால் உங்களைச் சுகமா என்று கேட்கவில்லை.

நீங்கள் சபைக்குப் போவதில்லை என்று படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் நிறுத்தியபோது, அங்கே ஒரு ஆள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நிறுத்தினேன். நீங்களும் நிறுத்திவிட்டால் எப்படி?

மெஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் கம்பியைத் தூக்கிக் கட்டிவைத்தது மேற்பார்வையாளர். பார்த்தும் பேசாமல் இருந்தது நாங்கள். இது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டவர் நினைத்திருந்தால் ஒரு முடிச்சை அவிழ்த்திருக்க முடியாதா என்று நானும் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். இப்போது கம்பி அவிழ்ந்து கிடக்கிறது. நான்தான் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். கையைக் காட்டிச் சொன்னதால் கேட்டார்கள்.

என் அறையில் இருக்கும், துணி மடிக்கும் அக்காதான் இத்தனை மாதமும் எனக்குத் தலை பின்னி விடுகிறாள். இறுக்கி இழுத்துப் பின்னுவாள், கண்ணில் நீர் வந்துவிடும். ஒருநாள் பின்னிக்கொண்டே, "நீ ராத்திரியில யார்கிட்ட பேசறே?" என்று கேட்டாள். "நான் பேசறதில்லையே" என்றேன். "பேசறே. தூக்கத்துல, 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு கேக்கறே. உங்க பாட்டியையா?" என்றாள். உங்களை என்றால் பாட்டி என்று சேர்த்துத்தானே கூப்பிடுவேன்?

அதிலிருந்து விழித்திருக்கும்போதும் அதையே கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. பதில் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஒரு பொய்யே போதும். ஆனால் கேட்பதை விடவும் முடியவில்லை. யாருமே இல்லாத அறை என்றால் இதற்குள் எனக்கு அலுத்திருக்க வேண்டும். அலுக்கவில்லை. இதற்குப் பெயர் விசுவாசமா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது.

போன ஞாயிறு சபையில் பாட்டை ஆரம்பித்த அண்ணன் சுருதியை வானத்துக்கு ஏற்றிவிட்டார். இரண்டாவது அடியில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டி, மீதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. போய்க் கீபோர்டின் உறையை எடுத்துவிட்டு இடது கையால் ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்தேன். எல்லாரும் அந்தச் சுருதிக்கு இறங்கி வந்தார்கள். பாட்டு முடியும்வரை அதை விடவில்லை. வலது கை சால்வைக்குள்தான் இருந்தது. அழுகை வந்தது, சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

உங்களுக்காகக் கேட்டுக்கொள்ளும்
வாலு

ஜூலை 12

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லிச் சித்தியிடமாவது சொல்லுங்கள். தபால்காரரைப் பார்த்து இப்போது நானும் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

வாலு

ஆகஸ்ட் 20

வாலுவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத உட்காருவேன். 'ஆண்டவர் தயவில்' என்று ஆரம்பிக்க வேண்டும். அங்கேயே பேனா நின்றுவிடும். அது இல்லாமல் எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். "அதை விட்டுட்டு மத்ததை எழுதும்மா" என்று உன் சித்தி திட்டினாள். இன்றைக்கு விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முழங்கால் வலிக்கிறது. மற்றபடி இருக்கிறேன்.

உன்மேல் கோபம் இருந்தது. ஏமாற்றினதற்கு இல்லை. ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தாயே, அதற்கு. உன் அம்மாவும் தனியாகத்தான் படுத்திருந்தாள். நான் தூரத்தில் இருந்ததால்தான் அவள் போய்விட்டாள், பக்கத்தில் இருந்து கை வைத்திருந்தால் அவளை அவர் போகவிட்டிருப்பாரா என்று நினைத்தேன். அதற்காகத்தான் உங்கள் எல்லார் கையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். உன் விரல் போன காலையிலும் என் கை உன் கைமேல்தானே இருந்திருக்கும்? வைத்தும் பயனில்லை என்றால் நான் இத்தனை வருஷமும் என்ன செய்துகொண்டிருந்தேன்? இதை நான் இன்னும் அவரிடம் தீர்த்துக்கொள்ளவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை.

நீயாவது 'இருக்கீங்களா' என்று கேட்கிறாய். நான் அதுகூடக் கேட்கவில்லை. போன மாதம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "நீங்க இருக்கீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் உங்ககூடப் பேசறதில்ல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பின்னால் தண்ணீர் குடிக்க வந்த உன் சித்தப்பா, "நான் என்ன அத்தை பண்ணேன்?" என்றார், முகம் சுண்டிப்போய். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பேக்கரிக்காரர் பேத்திக்குக் கட்டு மாற்றும் நாளெல்லாம் நானும் போகிறேன். அது கத்துகிற கத்தலில் மருமகள் வெளியே ஓடிவிடுகிறாள். நான்தான் காலைப் பிடித்துக்கொள்கிறேன். பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். பிடித்திருக்கும்போது ஜெபிப்பதில்லை. பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

போன ஞாயிறு சபைக்குப் போனேன். கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட வரவில்லை. பாடகர் குழுத் தலைவரின் மனைவி முன்வரிசையை விட்டு எழுந்து வந்து, "இடம் இருக்கா பாட்டி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும், "இன்னைக்குப் பேரப்பிள்ளைங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மேலாளரைச் சொல்லவில்லை, மெடலைச் சொல்லவில்லை. "என் பேத்தி ஒத்தைக் கட்டையை அழுத்தி ஒரு சபையையே சுருதிக்குக் கொண்டுவந்தா" என்றேன். அவள், "எங்க, போட்டோ காட்டுங்க, எப்படி இருக்கா இப்போ?" என்று கேட்டாள்.

என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். இருப்பதெல்லாம் நீ முழுக்கையோடு இருக்கும் படங்கள். அவற்றை யாருக்கும் காட்ட எனக்கு மனமில்லை.

கடைக்குப் போய் ஒரு புதுப் போட்டோ எடுத்துக்கொள். மடிக்கும் அக்காவைத் தலை பின்னிவிடச் சொல். சால்வை வேண்டாம். வலது கையை முன்னால், தெரியும்படி வை. அந்தக் கையை நான் இன்னும் பார்க்கவே இல்லை. முதலில் பார்க்கிறேன். தபாலில் மடங்கிவிடாதபடி உள்ளே ஒரு அட்டை வைத்துச் சீக்கிரம் அனுப்பு.

பாட்டி